பக்கத்து டேப்பில் என்ன திறந்திருக்கிறது?

கிளவுடில் இயங்கும், எடிட்டரில் கோட் அடிக்க அடிக்க அடுத்த வரியைப் பரிந்துரைக்கும் ஏஐ கோடிங் அசிஸ்டன்ட் ஒன்றை இரண்டு வருடத்துக்கு மேலாகத் தினமும் பயன்படுத்தி வருகிறேன். பெயர் வேண்டாம். நல்ல கருவிதான், கோடின் சின்னச் சின்னப் பகுதிகளைச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் எழுதும் அலுப்பைப் பாதியாகக் குறைத்தது. வேகம், துல்லியம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

2023-ல் சாம்சங் ஊழியர்கள் கம்பெனிக் கோடை சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்து, நிறுவனம் அந்த மாதிரிக் கருவிகளுக்கே தடை போட்டபோது, "யார் ஒட்டச் சொன்னது?" என்று சிரித்தவன் நான். அசிஸ்டன்டில் எதையும் ஒட்டவே தேவையில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒருநாள் டேட்டாபேஸ் இணைப்புக்கு டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்தேன். பாஸ்வேர்ட் என்று அடித்து மேற்கோள்குறி போட்டதும் சாம்பல் நிறத்தில் பரிந்துரை வந்தது. நிஜப் பாஸ்வேர்ட், கடைசி எழுத்து வரை சரி. வயிற்றைக் கலக்கிவிட்டது.

மாயமெல்லாம் இல்லை. பக்கத்து டேப்பில், பாஸ்வேர்ட் போன்ற ரகசியங்களை வைக்கும் டாட் என்வ் (.env) ஃபைல் திறந்து கிடந்தது. அசிஸ்டன்ட், கர்சருக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளோடு, திறந்திருக்கும் மற்ற ஃபைல்களிலிருந்தும் துண்டுகளை எடுத்து சர்வருக்கு அனுப்புகிறது. இல்லாவிட்டால் நம் ஃபங்ஷன் பெயர்கள் அதற்கு எப்படித் தெரியும்? 'அந்த ஃபைல்தான் கிட்இக்னோரில் இருக்கிறதே' என்று நினைத்தேன். அது, கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற கருவிக்கு, 'இந்த ஃபைல்களைச் சேர்க்காதே' என்று இட்ட கட்டளை. அசிஸ்டன்டும் அதை மதிக்கும் என்று நானாக நம்பியிருக்கிறேன்.

அன்று மாலையே, நெட்டில் போய்வரும் தகவலை இடைமறித்துக் காட்டும் mitmproxy என்ற கருவியை நடுவில் நிறுத்தினேன். எடிட்டரை அதன் வழியாகப் போகவைத்து, அதன் சான்றிதழை ஏற்கச் செய்தால், வெளியே போகும் தகவலை அப்படியே படிக்கலாம். நான் அடித்தது ஒரே வரி. போனது நூறு வரிக்கு மேல். ஃபைல் பாத்தில் கிளையன்ட் பெயர். எரிச்சலில் சக ஊழியரைத் திட்டி எழுதிய கமென்ட் ஒன்றும் கூடவே போயிருந்தது!

அப்புறம்தான் அந்த அசிஸ்டன்டின் பிரைவசி பாலிசியை வரிவரியாகப் படித்தேன். கோட் சர்வருக்குப் போவது, அங்கே தங்குவது, மாடலைப் பயிற்றுவிக்க எடுப்பது என மூன்றும் தனித்தனி. "பயிற்சிக்கு எடுக்க மாட்டோம்" என்பதை வைத்து மற்ற இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ள முடியாது. பயிற்சி சுவிட்சை ஆஃப் செய்துவைத்தேன். சில மாதம் கழித்து ஒரு பெரிய அப்டேட். அதில் அதே வேலையைச் செய்யும் சுவிட்ச், வேறு பெயரில், தானாகவே ஆன் ஆகி இருந்தது. அந்த நிறுவனத்திடம் கேட்டதற்கு பாலிசிப் பக்கத்தின் லிங்க்கை அனுப்பினார்கள். பாஸ்வேர்ட் விஷயத்தில் பாதித் தப்பு என்னுடையது. இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனாலும் விட்டுவிடவில்லை. எடிட்டரில் இரண்டு புரொஃபைல் வைத்திருக்கிறேன். கிளையன்ட் வேலைக்கான புரொஃபைலில் அந்த அசிஸ்டன்டின் எக்ஸ்டென்ஷனே கிடையாது; என் லேப்டாப்பிலேயே, மாடல்களைச் சொந்தக் கணினியில் ஓட்ட உதவும் ஒல்லாமா (Ollama) வழியாக 7 பில்லியன் பாராமீட்டர் மாடல் ஒன்று ஓடுகிறது. அதன் எண்களை 4-பிட்டாகச் சுருக்கியது என்பதால் ஐந்து ஜிபி அளவில் அடங்கிவிடுகிறது. கொஞ்சம் மந்தம், கோடைப் பெரிய அளவில் மாற்றியமைக்கச் சொன்னால் உளறும், ஃபேன் கத்தும். இருக்கட்டும். ஓப்பன் சோர்ஸ் வேலைக்குப் பழைய அசிஸ்டன்ட்தான். அந்தக் கோட் எப்படியும் ஊருக்கே தெரிந்தது.

பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிட்டேன். ரகசியங்கள் இப்போது புராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே இருக்கின்றன. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் செட்டிங்ஸை மேலிருந்து கீழே வரை பார்க்கிறேன். போன வாரம் வந்ததில் எதுவும் மாறவில்லை.