அரிக்கன்சட்டியின் பச்சைப் பிளாஸ்டிக் தம்பி: தங்கம் அரிக்கும் 14 அங்குலத் தட்டு

அரிசியில் கல் அரிக்க, உள்பக்கம் வரிவரியாகக் கீறிய அரிக்கன்சட்டி இருக்கிறதே, மெட்டல் டிடெக்டர் செய்யும் காரெட் (Garrett) கம்பெனியின் இந்தப் பச்சைத் தட்டும் அதே சங்கதிதான். அங்கே வரியில் தங்குவது கல், இங்கே தங்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஓடைச் சரளையை அலச நல்ல தட்டு. (அங்கே ‘மைனர்ஸ் ரைட்’ அனுமதி வேண்டும், கைக்கருவி மட்டும்தான். பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் கூடாது.)

எல்லாம் எடையின் விளையாட்டு. ஒரு கன சென்டிமீட்டர் குவார்ட்ஸ் கல் (மணலில் பெரும்பாலும் இதுதான்) 2.65 கிராம், கறுப்பு மணலான மேக்னடைட் சுமார் 5.2, சுத்தத் தங்கம் 19.3. ஓடைத் தங்கத்தில் வெள்ளி கலந்திருப்பதால் கொஞ்சம் குறையும். அப்போதும் அடியில் போய் உட்காருவது அதுதான்.

புதுத் தட்டை அப்படியே தண்ணீரில் இறக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப்பசை இருக்கும். மாவு போன்ற பொடித் தங்கம் அதில் பட்டு மிதந்து போய்விடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பால் நன்றாகக் கழுவுங்கள், அலசும் தொட்டியிலும் ஒரு சொட்டு விடுங்கள்.

முக்கால் தட்டு சரளை போதும். தண்ணீருக்குள் வைத்தே களிமண் உருண்டைகளை விரலால் கரைக்க வேண்டும். கரையாத உருண்டை தங்கத்தையும் சுருட்டிக்கொண்டு வெளியே உருளும். தட்டைச் சமமாகப் பிடித்து இடவலமாக உலுக்குங்கள். பிறகு வரிகள் உள்ள பக்கத்தைச் சாய்த்து, அலை அடிப்பதுபோல் முக்கி எடுங்கள். மூன்று நான்கு அலைக்கு ஒருமுறை மறுபடி உலுக்கல். புதியவர்கள் விடுவது இதைத்தான். உலுக்காமல் சாய்த்துக்கொண்டே போனால் மேலே ஏறிய தங்கம் மணலோடு போகும்.

கை பழகிவிட்டதா என்று பார்க்க, தூண்டிலுக்குக் கட்டும் சின்ன ஈயக்குண்டு 10 எடுத்துத் தட்டையாக நசுக்கிச் சரளையில் போடுங்கள். ஈயம் கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம்தான், தங்கத்தைவிட லேசு. பத்தும் திரும்பி வந்தால் தங்கமும் தங்கும்.

பச்சை நிறம் வெறும் அழகுக்கு இல்லை. கறுப்பு மணலும் மஞ்சள் துகளும் அதில் தனித்தனியாகத் தெரியும். கறுப்பு மணலைப் பிரிக்கக் காந்தம் காட்டினால், இரும்புத் தட்டில் அது தட்டோடு ஒட்டிக்கொள்ளும், இதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மணல் காய்ந்த பின்பே காட்டுங்கள். ஈர மணல் தங்கத்தையும் சேர்த்து இழுக்கும்.

மினுக்குவதைக் கண்டு துள்ள வேண்டாம். தட்டை நிழலுக்குத் திருப்புங்கள். அபிரகமும் (மைக்கா) தங்கம்போல் மின்னும் பைரைட் கல்லும் மங்கும், தங்கத்தின் மஞ்சள் மாறாது. ஊசியால் அழுத்தினால் தங்கம் பள்ளம் விழும், பைரைட் நொறுங்கும்.

குறை என்றால் பாரம். நிறைத்தால் மணிக்கட்டு அரைமணியில் கெஞ்சும், சிறு கைக்காரர்களுக்கு 10 அங்குலம் போதும். பொடியை உறிஞ்சும் பாட்டிலையும் அரை அங்குலச் சல்லடையையும் சேர்த்தே வாங்குங்கள். சல்லடையில் நின்ற கல்லைப் பார்க்காமல் கொட்டிவிடாதீர்கள். கட்டித் தங்கம் இருந்தால் அதில்தான் நிற்கும். அப்படிக் கிடைத்ததை உருக்கவும் வேண்டாம். உருக்கினால் டச்சுக்கு (தங்கத்தின் சுத்தத்துக்கு) ஏற்ற காசுதான் வரும், இயற்கை உருவத்தோடு இருந்தால் சேகரிப்பாளர் அதற்கு மேலேயே கொடுப்பார்.