ராமேஸ்வரத்துக்கு நாலு பேர்: காரா, ரெண்டு பைக்கா?

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நாங்கள் நாலு பேர் இரண்டு முறை போய்விட்டோம். முதல் தடவை என் காரில், போன பிப்ரவரியில் இரண்டு பைக்கில். இரண்டு முறையும் தங்கியது ராமேஸ்வரம் தீவிலேயே இருக்கும் தங்கச்சிமடத்தில், நண்பன் வீட்டில். அதனால் அறை வாடகை என்ற பேச்சே இல்லை. இனி நாங்கள் நாலு பேர் மட்டும் கிளம்பினால் பைக்தான்.

பெட்ரோல் நிறைய மிச்சமாகும் என்று நினைத்துத்தான் பைக்குக்கு மாறினோம். அப்படி ஒன்றும் இல்லை. போக வர சுமார் 340 கிலோமீட்டர், தீவுக்குள் சுற்றியது ஒரு 100. இரண்டு பைக்குக்கும் சேர்த்து 20 லிட்டர், காருக்கு 25. சுங்கச்சாவடியில் பைக்குக்குக் காசு கிடையாது, சரி.

என் மனதை மாற்றியது உப்பு. தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை வந்துவிட்டதால், எல்லோரும் சொந்த வண்டியிலேயே கடைசி வரை போகிறோம். இரண்டு பக்கமும் கடல். காற்று மணலையும் உப்புச் சாரலையும் வாரி அடிக்கிறது. "தம்பி, அன்னைக்கு ராத்திரியே நல்ல தண்ணில கழுவிடணும், இல்லன்னா உப்பு தின்னுரும்" என்றார் நண்பனின் அப்பா. ஆனால் அந்த வீட்டில் நல்ல தண்ணீரைக் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். விருந்தாளியாகப் போன இடத்தில் கார் கழுவ எத்தனை குடம் கேட்பது? வாயே வரவில்லை. காலையில் பார்த்தால் பிரேக் டிஸ்க்கெல்லாம் காவி பூசியதுபோல் சிவந்திருந்தது. அது நாலு பிரேக் போட்டால் போய்விடும். அடிப்பாகத்தில் ஒட்டியது அப்படிப் போகாது. மதுரைக்கு வந்து லிஃப்டில் ஏற்றிக் கழுவும் வரை மூன்று நாள் உப்போடுதான் ஓடியது.

பைக்குக்கு ஆளுக்கு ஒரு வாளி போதுமாக இருந்தது. வெள்ளையாகப் பூத்திருந்த செயினை டீசல் நனைத்த துணியால் துடைத்து ஆயில் விட்டோம். கால் மணி நேர வேலை. அப்புறம், நண்பன் வீட்டுச் சந்து முழுக்க மணல். கார் உள்ளே போகாமல் மெயின் ரோட்டிலேயே ராத்திரி முழுக்க நின்றது. பைக்கை முற்றத்திலேயே நிறுத்திக்கொண்டோம்.

கோயிலில் 22 தீர்த்தம் ஆடிவிட்டு ஈரத் துணியோடு ஏறும்போதும் பைக்தான் வசதி. தங்கச்சிமடம் போய்ச் சேர்வதற்குள் பாதி காய்ந்துவிடும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் பைக்கில் போனது பிப்ரவரியில். ஆடிக் காற்றில் பாம்பன் பாலத்தில் நான் பைக் ஓட்டியதில்லை. அந்த மாதங்களில் போகிறவர்கள் என் பேச்சை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம், அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். குழந்தைகளோ வயதானவர்களோ வந்தால் கார்தான். தை அமாவாசைக்கு அம்மாவை அழைத்துப் போகிறேன், காரில்தான். இந்த முறை கழுவுவதற்கு இங்கிருந்தே இரண்டு கேன் தண்ணீர் டிக்கியில் வரும்.