லீஸ் நீட்டிக்கக் காசு கட்டியவர்களே, நோட்டீஸ் உண்மையில் போனதா என்று இன்றைக்கே பாருங்கள்

2,340 பவுண்டு போய்விட்டது. அதைவிடப் பெரிய நட்டம் இனித்தான் வரப்போகிறது. நேற்றுத்தான் எல்லாம் தெரிய வந்தது, இரவு முழுக்க நித்திரை இல்லை.

நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். இரண்டு அறை ஃப்ளாட். லீஸ், அதாவது ஃப்ளாட்டை வைத்திருக்கிற உரிமை, 1980 ஜூன் 24இலிருந்து 125 வருடம். அதாவது 2025 ஜூன் 24 வந்தால் மிச்சம் 80 வருடம். இங்கிலாந்தில் ஃப்ளாட் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த 80 என்றாலே வயிற்றைக் கலக்கும். அதற்குக் கீழே இறங்கினால் 'மேரேஜ் வேல்யூ' வந்து சேரும். லீஸை நீட்டுவதால் கூடுகிற பெறுமதியில் பாதியை ஃப்ரீஹோல்டருக்கு, அதாவது நிலத்தின் சொந்தக்காரருக்கு, கொடுக்க வேண்டும். 2024இல் வந்த புதுச் சட்டம் இதை நீக்குகிறது என்கிறார்கள், ஆனால் அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, லீஸை நீட்டித் தரச் சொல்லி ஃப்ரீஹோல்டருக்கு செக்‌ஷன் 42 நோட்டீஸ் கொடுக்கிற நாள்தான் கணக்கு. ஜூன் 24க்கு முன் நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருந்தால், பிறகு பேரம் ஒரு வருடம் இழுத்தாலும் எங்களுக்குக் கவலை இல்லை.

இதற்கென்றே ஒன்லைனில் இயங்கும் ஒரு நிறுவனம். மதிப்பீடு, நோட்டீஸ், சொலிசிட்டர் எல்லாம் ஒரே கட்டணத்தில் என்று விளம்பரம். ஏப்ரலில் கோல் எடுத்தேன். பேசியவர் தமிழ். "அக்கா, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதீங்கோ, உங்கட ஜூன் 24 என்ர மேசையில எழுதி ஒட்டியிருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அன்றிரவே 2,340 பவுண்டையும் வங்கிக் கணக்குக்குப் போட்டேன். மே 19 அவரே கோல் எடுத்து, "நோட்டீஸ் போட்டாச்சு அக்கா" என்றார். குசினிச் சுவரில் கோயில் கலண்டர் தொங்குகிறது. ஜூன் 24ஐச் சுற்றி நான் போட்டிருந்த சிவப்பு வட்டத்துக்குள் அப்போதே ஒரு சரி அடையாளமும் போட்டேன். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

பிறகுதான் கூத்து. பதில் வந்ததா என்று கேட்டால், "ஃப்ரீஹோல்டருக்குச் சட்டப்படி குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேணும், பொறுங்கோ." அது உண்மை, அதனால்தான் நம்பினேன். அந்த இரண்டு மாதத்துக்குள்ளேதான் இவர்கள் ஒளிந்திருந்தார்கள். நோட்டீஸின் பிரதி கேட்டேன். திங்கள் அனுப்புகிறோம் என்றார்கள். எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை. அப்புறம் அவருடைய இலக்கமே வேலை செய்யவில்லை. வேறொரு பெண் எடுத்து, உங்கள் ஃபைலைப் பார்க்கிறவர் லீவில் என்றாள். கடைசியாக ஒருவர் சொன்னதைக் கேளுங்கள்: "புதுச் சட்டம் வரப்போகுது, பொறுத்தால் உங்களுக்குத்தான் லாபம்." 2,340 பவுண்டு வாங்கும்போது இந்தப் பொறுமை எங்கே போனது?

நேற்று ஃப்ரீஹோல்டருக்காகக் கிரவுண்ட் ரெண்ட் (நில வாடகை) வாங்குகிற ஏஜென்ட் அலுவலகத்துக்கு நானே கோல் எடுத்தேன். அந்தப் பிள்ளை இரண்டு தரம் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு நோட்டீஸ் வரவே இல்லை என்றாள். உடனே காசு வாங்கிய நிறுவனத்துக்குக் கடுமையாக எழுதினேன். பின்னேரம் ஒரு பிரதி வந்தது. எங்கள் குடும்பப் பெயர் பிழை. ஃப்ரீஹோல்டரின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. அனுப்புவதற்கு எழுதி முடிக்கவே இல்லை!

லீஸை நீட்ட ஃப்ரீஹோல்டருக்குக் கட்ட வேண்டியது என்று ஏப்ரலில் இவர்கள் தந்த மதிப்பீடு ஏறக்குறைய 7,900 பவுண்டு. இன்று காலை வேறொரு சர்வேயரிடம் கேட்டேன், இனி 15,000க்குக் குறையாது என்கிறார். அதற்கு மேல் ஃப்ரீஹோல்டரின் சொலிசிட்டர், சர்வேயர் செலவும் எங்கள் தலையில்தான். பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவுக்கென்று வைத்திருந்த காசு.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். சொலிசிட்டர் என்று யார் சொன்னாலும், சொலிசிட்டர்களைக் கண்காணிக்கிற சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அதோரிட்டியின் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். நான் இன்றைக்குத்தான் தேடினேன், இவர்கள் இல்லை. எந்தச் சட்டத்துறை அமைப்பிலும் பதிவில் இல்லாதவர்கள் மேல், சட்ட சேவை முறைப்பாடுகளைப் பார்க்கிற லீகல் ஒம்பட்ஸ்மனிடம் போகவும் வழியில்லை. நோட்டீஸ் போனது என்று சொன்ன அன்றே பிரதியும் தபால் ரசீதும் கேளுங்கள், தராவிட்டால் ஃப்ரீஹோல்டர் பக்கம் நேரே கேளுங்கள். வங்கி மாற்றாகக் கட்டாதீர்கள், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். காசு கொடுக்க முன்னம் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸில் இலவசமாகக் கேட்கலாம், நான் கேட்கவில்லை.

இதே மாதிரி ஒரு இடத்தில் கட்டி, "பொறுங்கோ" என்ற பதிலோடு இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்து முறைப்பாடு கொடுப்போம். 2,340 பவுண்டை நான் விடப்போவதில்லை.