டர்பனில் சூஷி: பட்டர்ஃபிஷ்ஷா, கானாங்கெளுத்தியா?

சூஷியில் (வினிகர் கலந்த சோற்றோடு பச்சை மீன் வைக்கும் ஜப்பானிய உணவு) சால்மன், சூரை அலுத்தவர்கள் அடுத்துக் கேட்பது இந்த இரண்டில் ஒன்றைத்தான்.

தென்னாப்பிரிக்காவில் பட்டர்ஃபிஷ் என்று விற்பது பெரும்பாலும் எஸ்கொலார் என்ற மீன். பால்வெள்ளைத் துண்டு, கவிச்சியே இராது, வாயில் வைத்ததும் கரையும். சிக்கல் கொழுப்பில்: சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெழுகு எஸ்டர் என்ற மெழுகு போன்ற கொழுப்பு. நம் குடலுக்கு அது செரிக்காது. அளவு மீறினால் ஆரஞ்சு நிற எண்ணெயாக, அடக்கவே முடியாமல் வெளியேறும். சமைத்தாலும் போகாது. ஜப்பானில் விற்பனைக்கே தடை. இரண்டு நிகிரி (சோற்றுப் பிடியின் மேல் மீன் துண்டு வைத்தது), சுமார் 30 கிராம் மீன், அதோடு நிறுத்துங்கள். கர்ப்பிணிகளும் வயிறு சரியில்லாதவர்களும் தொடவே வேண்டாம்.

கானாங்கெளுத்தியை ஷிமே சாபா என்று கேளுங்கள். உப்பில் புரட்டி, கழுவி, அரிசி வினிகரில் ஊறவைப்பது. ஓரம் வெளுத்து நடு இளஞ்சிவப்பாக இருந்தால் பதம். முழுக்க வெளுத்திருந்தால் அதிகம் ஊறிவிட்டது. மீனில் இருக்கக்கூடிய அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழுவை வினிகர் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் ஒரு நாளாவது முழுதாய் உறைந்த மீனா என்று விசாரியுங்கள். நாக்கில் மிளகு கடித்தாற்போல் எரிந்தால் அது ஹிஸ்டமின் (கெட்ட மீனில் உருவாகும் நச்சு), உடனே துப்பிவிடுங்கள்.

புளிக்குழம்பில் பழகிய நாக்குக்குச் சாபாதான் சரி. கூடவே துருவிய இஞ்சி கேளுங்கள், வசாபி என்ற காரமான பச்சை விழுது வேண்டாம்.