ஓபிஎஸ்ஸில் கல்யாண லைவ்: அடி வாங்கி மாற்றிய செட்டிங்குகள்

2020 ஊரடங்கில் கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்று ஆனபோது எனக்கு லைவ் வேலை ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஓபிஎஸ் ஸ்டூடியோதான்; கேமரா, வீடியோக்களை மாற்றி மாற்றி லைவாக அனுப்பும் கணினி மென்பொருள் அது. இலவசம் என்று எடுத்தேன், கை பழகிவிட்டதால் விடவில்லை. ஆனால் இன்ஸ்டால் செய்தபடியே மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

முதலில் பிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை பிரேம் (படம்) என்பது. அது 30-இல் இருக்கும். நம் கேமராக்கள் பெரும்பாலும் பால் (PAL) என்னும் வீடியோ முறை, 25 அல்லது 50. 25-ஐ 30-க்குள் திணித்தால் நொடிக்கு ஐந்து பிரேம் இரண்டு முறை வரும்; கேமரா திரும்பும்போது படம் தட்டித் தட்டி நகரும். வீடியோ செட்டிங்கில் 25 வைத்தால் சரி.

வீடியோ ஓட்டுவதில்தான் என் மானம் போனது. ஒரு ரிசப்ஷனில் எல்இடி திரையில் மணமக்களின் சின்ன வயசு போட்டோக்கள் வீடியோவாக ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் மேடைக்கு ஒரு பெரியவர் ஏறியதால் கேமராவுக்கு மாறினேன். அரை நிமிடத்தில் திரும்பினால், மாப்பிள்ளையின் மொட்டைத் தலை போட்டோவில் இருந்து மறுபடி முதல்! பெண்ணின் சித்தப்பா வந்து, "தம்பி, இதை இப்பதானே பாத்தோம்?" என்றார். ஓபிஎஸ்ஸில் வீடியோ ஃபைலை ஓட்டும் மீடியா சோர்ஸில், திரைக்கு வந்தாலே முதலிலிருந்து ஓடு என்னும் டிக் தானாகவே போட்டிருக்கும். அதை எடுத்துவிட்டேன். அடுத்த கல்யாணத்தில் அது வேறு கூத்து: டிக் இல்லாவிட்டால், ஓபிஎஸ்ஸைத் திறந்ததுமே வீடியோ யாரும் பார்க்காமல் பின்னால் ஓடி முடிந்துவிடுகிறது. நான் வீடியோவுக்கு மாறியபோது வெறும் கறுப்பு. கடைசியில் விஎல்சி சோர்ஸுக்கு மாறினேன். கணினியில் விஎல்சி பிளேயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். திரையில் இல்லாதபோது நின்று, வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும் வசதி அதில் இருக்கிறது.

டிரான்சிஷனில், அதாவது ஒரு காட்சியிலிருந்து அடுத்ததுக்கு மாறும் விதத்தில், ஃபேட் (ஒன்று மங்கி மற்றது தெளிவது) 300 மில்லி செகண்டில் வரும். 25 பிரேமுக்கு அது ஏழெட்டு பிரேம்தான். ரிசப்ஷனுக்கு 700 வைக்கிறேன். முகூர்த்தத்துக்கு கட் (சட்டென்று மாறுவது) மட்டுமே. கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் ஃபேட் போட்டு ஒரு முடிச்சு மங்கலாகப் போனால் யார் பதில் சொல்வது? ஓபிஎஸ்ஸில் ஒவ்வொரு காட்சி அமைப்பும் ஒரு சீன்; முகூர்த்த சீன் மேல் ரைட் கிளிக் செய்து, அதற்கு மட்டும் கட் என்று பூட்டிவிடலாம்.

ஸ்டிங்கர் என்பது நடுவில் ஒரு கிராஃபிக்ஸ் வீடியோ ஓடும் டிரான்சிஷன். அதில், கிராஃபிக்ஸ் திரையை முழுக்க மூடும் நொடியில் சீன் மாற வேண்டும். அந்தப் புள்ளியை முதலில் பிரேம் கணக்கில் கொடுத்திருந்தேன். 20-ஆவது பிரேம் என்றால் 25-இல் 800 மில்லி செகண்ட். ஒரு வேலைக்காக 30-க்கு மாற்றியதும் அதுவே 667 ஆகி, மூடுவதற்கு முன்பே சீன் மாறிவிட்டது. அப்புறம் மில்லி செகண்டில்தான் கொடுக்கிறேன்.

லைவிலிருந்து ஒரு பிரேமைப் படமாகப் பிடிக்க ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒரு ஹாட்கீ (குறுக்குவழி விசை) வைத்துக்கொள்ளுங்கள். படம் பிஎன்ஜியாக ரெக்கார்டிங் ஃபோல்டரில் விழும். முழுத் திரையை எடுத்தால் பெயர்ப் பட்டையும் லோகோவும் சேர்ந்தே வரும். கேமரா சோர்ஸை மட்டும் தேர்ந்தெடுத்து எடுத்தால் சுத்தமான படம். ஃபேட் நடுவில் அழுத்திவிடாதீர்கள், ஐயர் மேல் நாதஸ்வரக்காரர் பேய் மாதிரி தெரிவார். அட்சதை தூவும் கைகளில் சீப்புப் பல் போல் கோடுகள் வந்தால் கேமரா 50i-யில், அதாவது ஒவ்வொரு பிரேமையும் இரண்டு பாதிக் கோடுகளாகப் பிரித்து (இண்டர்லேஸ்), அனுப்புகிறது என்று அர்த்தம். சோர்ஸில் ரைட் கிளிக் செய்து டீஇண்டர்லேசிங்கில் யாடிஃப் (Yadif) என்னும் முறையைப் போட்டால் கோடுகள் போய்விடும்.

இந்தப் படங்கள் யூடியூப் தம்ப்நெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் தாராளம். 1920-க்கு 1080 என்பதால், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் அச்சடித்தால் ஆறரை அங்குல அகலம்கூட முழுதாக வராது. ஆல்பத்துக்குப் பெரிதாக வேண்டும் என்று கேட்பவர்களை, பக்கத்தில் நிற்கும் போட்டோகிராஃபர் அண்ணனிடம் அனுப்பிவிடுகிறேன்.