230-ஆ, 245-ஆ என்று கேட்டு நான் ஏமாந்த கதை

2025 தீபாவளி முடிந்த வாரத்தில் 21 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கொடுத்து 2018 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 ஒன்றை வாங்கினேன். சிவப்பு வண்டி, கர்நாடகப் பதிவெண், மீட்டரில் 41,306 கிலோமீட்டர். எனக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை. பம்பு செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். இருபது மைக்ரான் கூடினாலே பொருளை ஓரமாக எடுத்து வைத்துவிடுகிறவன் நான். அப்படிப்பட்டவன் 21 லட்ச ரூபாய்ப் பொருளை வாய்ப்பேச்சை நம்பி வாங்கினேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். இதே ஊரில் இதே காரைத் தேடிக்கொண்டிருக்கும் ஐந்தாறு பேரை எனக்கே தெரியும்.

விற்றவர் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. எப்படி விற்றார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆக்டேவியாவின் வேக வகையான ஆர்எஸ் மீது எனக்கு இருப்பது பழைய பைத்தியம். 2004 வாக்கில் முதல் ஆக்டேவியா ஆர்எஸ் இந்தியாவுக்கு வந்தபோது எங்கள் சின்ன மாமா ஒன்று வைத்திருந்தார். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன், கையால் மாற்றும் கியர். பல்லடம் சாலையில் அவர் மூன்றாவது கியரில் மிதிக்கும்போது முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒட்டிய முதுகு இன்னும் நிமிரவில்லை.

பிறகு 2017-இல் ஆர்எஸ் 230 வந்தது. இரண்டு லிட்டர் இன்ஜின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, டிஎஸ்ஜி எனப்படும் இரட்டைக் கிளட்ச் தானியங்கி ஆறு கியர் பெட்டி. ஷோரூம் விலை 25 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. 2020-இல் ஆர்எஸ் 245 வந்தது. முழுதாக வெளிநாட்டில் தயாராகி இறக்குமதியான 200 வண்டிகள் மட்டும், விலை 36 லட்சம். 245 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர், ஏழு கியர். 2025 அக்டோபரில் அடுத்த தலைமுறை ஆர்எஸ் வந்தது. 265 குதிரைத்திறன், நாடு முழுவதற்கும் 100 வண்டிகள், விலை ஏறக்குறைய 50 லட்சம். அந்தப் பணத்துக்கு நான் இரண்டு சிஎன்சி எந்திரம் வாங்கிப் போட்டிருப்பேன். ஆகவே புதியது கனவில் மட்டும் ஓடியது. கைக்கு எட்டியவை 230-உம் 245-உம்தான். கண்டிப்பாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மூன்றாம் தலைமுறை உடம்பு. ஆனால் எங்கள் கூட்டத்தில் அவற்றைப் பழைய தலைமுறை, புதிய தலைமுறை என்றுதான் பேசுவோம். ஏழு மாதம் பேசினோம். நிறுவனக் கணக்குப்படி நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 230-க்கு 6.8 நொடி, 245-க்கு 6.6 நொடி. அந்த 0.2 நொடிக்காக நண்பன் ஒருவன் என்னோடு மூன்று நாள் பேசாமல் இருந்தான்.

இந்த மனநிலையில்தான் அந்த வியாபாரியிடம் போனேன். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, விபூதி, வாய் நிறையத் "தம்பி". முற்றத்தில் என் சிவப்பு 230 நின்றது. பக்கத்திலேயே, பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்படி, ஒரு வெள்ளை 245 நின்றது.

"எது வேண்டும் தம்பி? இரண்டும் இருக்கிறது" என்றார்.

இந்த ஒரு கேள்வியிலேயே வியாபாரம் முடிந்துவிட்டது என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வியை அவர் என் கையில் கொடுக்கவே இல்லை. எது என்ற கேள்வியைத்தான் கொடுத்தார். நானோ ஏழு மாதமாக அதற்குப் பதில் தயாரித்தவன்.

வெள்ளைக்கு 33 லட்சம் சொன்னார். சொன்ன கையோடு அதையே குறை சொல்லவும் ஆரம்பித்தார். இறக்குமதி வண்டி, ஒரு விளக்கு உடைந்தாலும் பாகம் கடல் தாண்டி வரவேண்டும் என்றார். "அதிலும் ஏழு கியர் பெட்டி, கிளட்ச் உலர்ந்த வகை. நம் ஊர் வெயிலில், சிக்னலில் நின்று நின்று போனால் கருகிவிடும். ஆறு கியர்தான் எண்ணெயில் ஊறும் கிளட்ச். நான் ஏன் தம்பி விலை கூடியதை விட்டுவிட்டு உங்களுக்குக் குறைந்ததைச் சொல்கிறேன்? நீங்கள் நம்ம பையன் மாதிரி இருக்கிறீர்கள்."

இதில் பாதி உண்மை, அதனால்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். உலர் கிளட்ச் ஏழு கியர் பெட்டி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது சாதாரண ஆக்டேவியா 1.8-இல் வந்தது, அதைப் பற்றிப் புலம்பியவர்களும் உண்டு. அந்தப் பெட்டி தாங்கும் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர். 1.8 இன்ஜினையே அதற்காக 250-க்கு அடக்கித்தான் இங்கே விற்றார்கள். 370 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜினோடு அதை மாட்டினால் ஒரு வாரம் தாங்குமா? 245-இல் இருக்கும் ஏழு கியர் வேறு பெட்டி, அதுவும் எண்ணெயில் ஊறும் கிளட்ச்தான். பட்டறைக்காரனான நான் இந்தக் கணக்கை அங்கேயே போட்டிருக்க வேண்டும். விலை கூடிய பொருளை வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியைக் கண்ட மயக்கத்தில் போடவில்லை.

ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுத்தார். பானட்டைத் தொட்டேன், சூடாக இருந்தது. "காலையில் ஒருவர் ஓட்டிப் பார்த்தார்" என்றார். அப்போதுதான் திறந்திருந்த ஜி.டி.நாயுடு மேம்பாலத்தில் ஏறினோம். சிக்னல் இல்லாத பத்து கிலோமீட்டர். ஆளை மயக்க அதைவிடப் பொருத்தமான இடம் கோவையில் கிடையாது. மாமாவின் மூன்றாவது கியர் திரும்பக் கிடைத்தது. இறங்கும்போது விலை பேச எனக்குத் தெம்பில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். இரண்டு முன்கதவுகளிலும் கிட்டத்தட்ட ஓரடிச் சதுரத்தில் மங்கலான பசைத் தடம் இருந்தது. சாய்வாகப் பார்த்தால்தான் தெரியும். விரலால் தேய்த்தபோது பிசுபிசுப்பு இல்லை, ஆனால் பெயிண்டின் பளபளப்பு அந்தச் சதுரத்துக்குள் மட்டும் ஒரு சாயல் கூடுதல். கேட்டேன். "கல்யாண வண்டியாகப் போயிருக்கும் தம்பி, பூ ஒட்டிய டேப்" என்றார். தலையாட்டினேன். கல்யாண வண்டியில் பானட்டில் பூ வைப்பார்கள், கைப்பிடியில் ரோஜா கட்டுவார்கள், பின்கண்ணாடியில் பெயர் ஒட்டுவார்கள். இரண்டு முன்கதவிலும் அளவெடுத்தாற்போல் சதுரமாக யார் பூ ஒட்டுவார்கள்? பந்தயத்துக்குப் போகும் வண்டிக்குத்தான் அங்கே எண் ஒட்டுவார்கள். செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் வருடா வருடம் அதைப் பார்க்கிறவன் நான்!

காகிதம் பார்க்காமல் வாங்கினேன் என்று நினைக்க வேண்டாம். ஆர்.சி. விவரத்தை அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் தட்டிப் பார்த்தேன். இரண்டாவது உரிமையாளர், கடன் பாக்கி இல்லை, காப்பீடு நடப்பில் இருக்கிறது என்று எல்லாம் சுத்தமாக வந்தது. அதில் வராதது எது என்று அப்போது எனக்குத் தெரியாது. உரிமையாளர், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்தை மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டுக் கொடுத்துவிட்டால், வண்டி நான்கு வியாபாரி கை மாறினாலும் அரசுப் பதிவில் ஒரு புள்ளிகூட விழாது. என் வண்டி அப்படித்தான் வந்திருக்கிறது. பணத்தில் பெரும்பகுதியை அவர் சொன்ன ஒரு வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன், அதிலும் அவர் பெயர் இல்லை. 1,90,000 மட்டும் ரொக்கமாகக் கேட்டார். 2 லட்சத்தைத் தொட்டால் வருமான வரிச் சட்டம் குறுக்கே வரும் என்பது அவருக்கு மனப்பாடம். கர்நாடக வண்டி என்பதால் தமிழ்நாட்டு ஆயுள் வரி தனியாக என் தலையில் விழுந்தது. அதை எழுதினால் பதிவு நீளும்.

மார்கழியில் முதல் சத்தம் கேட்டது. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓர் உலோகக் கரகரப்பு, மூன்று நொடியில் அடங்கிவிடும். சூடான இன்ஜினில் இந்தச் சத்தம் வராது. இதற்காகத்தான் அன்று பானட் சூடாக வைக்கப்பட்டிருந்தது. அடுத்த வாரம் கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏற்றத்தில் ஐந்தாவது ஊசி வளைவில் கூலன்ட் விளக்கு எரிந்தது. அரை மணி நேரம் ஓரத்தில் நின்றோம். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை.

சூலூர் பக்கம் இந்த வகைக் கார்களை மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒரு தம்பி இருக்கிறார். தெர்மோஸ்டாட்டும் தண்ணீர் பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசிகிறது, இந்த இன்ஜினில் சகஜம், மாற்றிவிடலாம் என்றார். வயதான வண்டியில் எதிர்பார்க்க வேண்டியதுதான். பிறகு லேப்டாப்பைச் செருகினார். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியில் பழைய பிழைக் குறிப்பு எதுவும் இல்லை. கியருக்கான கணினிப் பெட்டியிலும் இல்லை. "அண்ணா, எட்டு வயது வண்டியில் இவ்வளவு சுத்தமாக இருக்காது" என்று முணுமுணுத்துக்கொண்டே மற்ற பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். பார்க்கிங் சென்சார் பெட்டியில் ஒரே ஒரு குறிப்பு அழிபடாமல் இருந்தது. பின் இடது சென்சார் சிக்னல் இல்லை. தேதி 2025 ஆகஸ்ட் 9. அப்போதைய கிலோமீட்டர் 87,940.

திரையை என் பக்கம் திருப்பினார். டேஷ்போர்டில் அப்போது 42,800 சொச்சம். மீட்டரைக் குறைத்து, இன்ஜின், கியர் பதிவுகளை அழித்தவன் பின் பம்பரில் இருக்கும் சென்சாரை மறந்திருக்கிறான்.

சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு நிறுவன சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே மரியாதையாகவே நடத்தினார்கள். 2021-இலேயே 61,000 கிலோமீட்டரில் பெங்களூரில் சர்வீஸ் ஆகியிருக்கிறது. இன்ஜின் மென்பொருளை வெளியாள் மாற்றியிருப்பதற்கு அவர்கள் போடும் டிடி1 குறியும் பதிவில் இருந்தது. அதாவது சக்தியை ஏற்றி, பந்தயம் ஓட்டி, விற்கும்போது பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள். ஆறு கியர் பெட்டியின் எண்ணெயை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றியதற்குச் சீட்டு எங்கும் இல்லை. வாங்குவதற்கு முன்பே, உரிமையாளர் சம்மதத்தோடு, இதே மேசையில் இதே விவரத்தைக் கேட்டிருக்கலாம். "சர்வீஸ் எல்லாம் வெளியில்தான் தம்பி" என்ற ஒற்றை வாக்கியத்தில் அதையும் கடந்துபோயிருந்தேன்.

இனி அந்த வெள்ளை 245. பொங்கலுக்கு முன்தினம் ஒரு பெட்ரோல் பங்கில் அதைப் பார்த்தேன். அதே பதிவெண். ஓட்டி வந்தவரிடம் போய், "சார், இந்த வண்டியை எப்போது வாங்கினீர்கள்?" என்றேன்.

"2020-இல். ஏன்?"

"அக்டோபரில் விற்பனைக்கு நின்றதே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு யோசித்து, அந்த வாரம் செராமிக் கோட்டிங் போடக் கொடுத்திருந்ததாகச் சொன்னார். கோட்டிங் போடும் கடையும் அந்த முற்றமும் ஒரே கேட்டுக்குள் இருக்கின்றன. வெள்ளை வண்டி விற்பனைக்கே வந்ததில்லை. அதை நான் 33 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால் வியாபாரி என்ன செய்திருப்பார் என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன். ஒன்றும் செய்திருக்க மாட்டார், "நேற்றுத்தான் தம்பி அட்வான்ஸ் வாங்கினேன்" என்று சொல்லி அதே சிவப்பைத்தான் காட்டியிருப்பார்.

போனில் கேட்டேன். "நான் நடுவில் நின்றவன் தம்பி, விற்றவர் பெங்களூர்க்காரர்" என்றார். பெங்களூர்க்காரரைத் தேடிப் பிடித்தால், அவர் 2023-இலேயே ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டாராம், அதன் பிறகு வண்டியைக் கண்ணால் பார்க்கவில்லையாம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். உரிமையாளரிடம் வண்டியைப் பெறும்போதே 29சி படிவத்தில் பதிவு செய்யவும் வேண்டும். அப்படிச் செய்திருந்தால் யார் கையிலிருந்து என்னிடம் வந்தது என்பது எழுத்தில் இருந்திருக்கும். முற்றத்துச் சுவரில் விநாயகர் படம் இருந்தது, சான்று இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 50 லட்சம் வரை அங்கேயே விசாரிப்பார்கள், என் தொகைக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். சென்சார் குறிப்பைக் காட்டிய லேப்டாப் திரையின் படம், சர்வீஸ் பதிவு, "தம்பி, கிலோமீட்டருக்கு நான் கியாரண்டி" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு ஆகிய மூன்றும்தான் என் பலம். வக்கீல் குரல் பதிவைக் கேட்டு முதன்முறையாகச் சிரித்தார்.

வண்டி பட்டறை ஓரத்தில் நிற்கிறது. தண்ணீர் பம்பின் பிளாஸ்டிக் கூடு, கரகரத்த இன்ஜின் செயின் ஆகிய வேலைகளைச் சேர்த்து இதுவரை 1,62,000 ரூபாய் போயிருக்கிறது. நண்பர்கள் இப்போதும் 230-ஆ 245-ஆ என்று என்னிடம் கேட்கிறார்கள். சேசிஸ் எண்ணை அனுப்புங்கள் என்கிறேன், பாதிப் பேர் அனுப்புவதில்லை. தீர்ப்பு எப்படி வந்தாலும் ஒருநாள் இதை விற்கத்தான் வேண்டும். கடைப் பையனிடம் சொல்லி மீட்டருக்குக் கீழே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்: "இதோடு குறைந்தது 46,634 கூட்டிக்கொள்ளவும்."