டிரைவர் இல்லா அச்சு: என் தட்டச்சுக் கடையில் ஆறு மாதம்

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல் மனு, வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் என்று காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாடு வரை பிரிண்டர் ஓயாது. இரண்டு கணினிகளிலும் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான்.

பல ஆண்டுகளாக நான் டெபியன் 10-ஐ விட்டு நகரவில்லை. காரணம் ஒரு டிரைவர், அதாவது கணினியைப் பிரிண்டரோடு பேசவைக்கும் நிரல். மல்டிஃபங்ஷன் பிரிண்டரை விற்ற நிறுவனம் 32 பிட் கோப்பு ஒன்றைத் தந்ததோடு சரி, அதன்பின் புதுப்பிக்கவே இல்லை. அதைத் தொட்டால் கடை நின்றுவிடும் என்ற பயம் எனக்கு. 2024 ஜூனில் டெபியன் 10-க்கான நீண்டகால ஆதரவும் முடிந்தது. வேறு வழியின்றி 12-க்கு மாறினேன். பழைய பிரிண்டர்களைச் சேர்க்கும்போது, லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருள் ஓர் எச்சரிக்கை காட்டியது: டிரைவர்கள் கைவிடப்பட்டவை, வருங்காலப் பதிப்பில் வேலை செய்யா.

அந்த வாரமே, தனி டிரைவர் இல்லாமல் யுஎஸ்பி கேபிள் வழியே அச்சிட உதவும் ஐபிபி-யுஎஸ்பி என்ற நிரலை நிறுவினேன். நிறுவியதும் அச்சு நின்றுபோனது! பழைய டிரைவருக்கான அச்சு வரிசையில் அனுப்பிய மனு 'பிரிண்டருக்காகக் காத்திருக்கிறது' என்றே நின்றது. வெளியே ஒரு பெரியவர், ஒரு மணிக்குள் மனுவைக் கொடுத்தாக வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தார். கேபிளை மாற்றினேன், பிரிண்டரை அணைத்துப் போட்டேன், பயனில்லை. பிறகுதான் புரிந்தது. யுஎஸ்பி இணைப்பை ஐபிபி-யுஎஸ்பி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டுவிடும். பழைய டிரைவர் அதே கேபிளில் பிரிண்டரை அணுக முடியாது. பழைய வரிசையை நீக்கினேன். புதிய வரிசை தானாகவே பிரிண்டர் பட்டியலில் வந்து நின்றது. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மனு பெரியவர் கையில் இருந்தது. நீங்கள் மாறும்போது பழைய வரிசையை முதலில் நீக்கிவிடுங்கள்.

இந்த முறையில் எந்தத் தாள் உண்டு, இருபுறமும் அச்சிடுமா, எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) என்று கணினி நேராகப் பிரிண்டரிடமே கேட்டுக்கொள்கிறது. 2010-இல் ஆப்பிள் ஏர்பிரிண்ட் என்ற டிரைவர் இல்லா அச்சு முறையைக் கொண்டுவந்த பிறகு, ஐபோனிலிருந்து அச்சிடுவதற்காக நிறுவனங்கள் பிரிண்டருக்குள்ளேயே வைத்த வசதிதான் இன்று நமக்கும் கை கொடுக்கிறது. ஸ்கேனுக்கும் தனி டிரைவர் வேண்டியதில்லை, சேன்-ஏர்ஸ்கேன் என்ற நிரல் போதும். இதையும் ஐபிபி-யுஎஸ்பியையும் எழுதியவர் அலெக்சாண்டர் பெவ்ஸ்னர். என் கடை அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

குறையும் உண்டு. பழைய டிரைவரின் சாளரத்தில் இருந்த டோனர் சேமிப்பு இப்போது அச்சு உரையாடலில் இல்லை. உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 60000 (localhost:60000) என்ற முகவரியைத் திறந்தால் பிரிண்டரின் சொந்தப் பக்கம் வருகிறது. அங்கே தேடி எடுத்தேன். லீகல் தாளை வைத்தால் பிரிண்டரின் பலகத்திலும் அளவை மாற்ற வேண்டியிருக்கிறது. மறந்தால் தாள் கேட்டு நிற்கும்.

என் 2008-ஆம் ஆண்டு லேசர் பிரிண்டருக்கு இது எதுவும் பொருந்தாது. டிரைவர் இல்லாமல் கணினியும் பிரிண்டரும் பேசிக்கொள்ளும் ஐபிபி என்ற பொதுமொழி அதற்குத் தெரியாது. டெபியன் 12-இன் கப்ஸ் 2.4-இல் பழைய டிரைவரோடு இன்னும் ஓடுகிறது. அடுத்த பெரிய பதிப்பான கப்ஸ் 3, பழைய டிரைவர்கள் நம்பியிருக்கும் பிபிடி கோப்புகளை அறவே விட்டுவிடும். அப்போது பிரிண்டர் அப்ளிகேஷன் என்ற இடைநிரல் வழியாகத்தான் இத்தகைய பழைய பொறிகளை ஓட்ட முடியும். உங்களிடம் இருப்பது பழைய பிரிண்டர் மட்டும்தான் என்றால் அவசரப்பட வேண்டாம்.

புதிதாக வாங்குவோர் பெட்டியில் ஏர்பிரிண்ட் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். லேசருக்கு மாற்று வாங்க நான் போகும்போது கடைக்காரரிடம் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான். டிரைவர் சிடி வேண்டாம்.